ஆறாவது வாக்குமூலத்தில் பிறந்த சித்தப்பா

மெல்போர்னில் நோபல் பார்க் ரயில் நிலையத்திலிருந்து ஏழு நிமிட நடையில் இருக்கும் செங்கல் யூனிட்டில் வசிக்கும் லியூ செபஸ்தியான், 1968ஆம் ஆண்டு தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, முப்பது வயதில், முப்பத்திரண்டு பற்களோடு பிறந்தார். பிறக்கும்போதே சாரம் கட்டியிருந்தார், கக்கத்தில் ஒரு ரேடியோப் பெட்டியும் இருந்தது. அவரைச் சித்தப்பா என்று கூப்பிடும் டொறத்திக்கு அன்றைக்குப் பதினாறு வயது. ஆகவே நடந்ததை வைத்துப் பார்த்தால் சித்தப்பாவை விட மகள் பதினாறு வயது மூத்தவள். கடதாசியை வைத்துப் பார்த்தால் சித்தப்பாதான் பதினான்கு வயது மூத்தவர். இரண்டு பேரும் கடதாசிப்படியே நடந்துகொண்டார்கள், ஏனென்றால் அவர் வந்ததே கடதாசி வழியாகத்தான்.

டொறத்தியின் அப்பா மன்னாரில் பல் கட்டுகிறவர். அவருடைய அப்பா சீனாவின் ஹூபெய் மாகாணத்திலிருந்து ஒரு சாமான் பெட்டியோடு கப்பலேறி, இலங்கை முழுக்கப் பல் பிடுங்கிக்கொண்டே நடந்து, மன்னாரில் செருப்பு அறுந்துபோக அங்கேயே தங்கிவிட்டவர். மகன் அங்கே பிறந்து, பெரியகோயிலில் ஞானஸ்நானம் பெற்று, சைக்கிளில் பேசாலை வரைக்கும் போய்ப் பல் கட்டி, சீன டொக்ரர் என்று பெயரெடுத்தார். கோபம் வந்தால் மன்னார்த் தமிழில்தான் ஏசுவார், வேறு மொழியில் அவருக்கு அவ்வளவு வேகம் வராது. ஆனாலும் சுதந்திரத்துக்குப் பிறகு குடியுரிமைப் பதிவில் அவருடைய பெயரை எழுத ஒரு வரி இடம் கிடைக்கவில்லை. பத்து வருடம் கந்தோர் வாசலில் நின்று களைத்த நேரத்தில், தாய்நாடு தன் பிள்ளைகளைக் கூப்பிடுகிறது என்று கலர்ப் படம் போட்ட புத்தகமொன்று தபாலில் வந்தது. அட்டையில் ஒரு பெண் கோதுமைக் கட்டை அணைத்தபடி சிரித்தாள். அவளுடைய பல்வரிசையில் ஒரு குறையும் இல்லாததைப் பார்த்துத்தான் அப்பா முடிவெடுத்தார் என்று டொறத்தி இன்றைக்கும் சொல்லுவாள். 1959இல் மனைவியையும் ஏழு வயது டொறத்தியையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டார். ரயிலடியில் பாதி மன்னார் நின்று, சீன டொக்ரர் தன் ஊருக்குத் திரும்பிப் போகிறார் என்று அழுதது. அவர் அதற்கு முன் அங்கே போனதே இல்லை. காலால் மிதித்து ஓட்டுகிற பல் துளைக்கும் மெஷினையும், மன்னார் ஆட்களின் வாயில் அச்செடுத்த இருநூற்றுப் பதினான்கு பிளாஸ்டர்த் தாடைகளையும் கூடவே கொண்டுபோனார். யாராவது பல் கட்டக் கடிதம் போட்டால் உதவும் என்பது அவருடைய எண்ணம்.

தாய்நாடு முதலில் மேளம் அடித்து வரவேற்றது. கடல்கடந்து வந்த குடும்பம் என்று சமையல் எண்ணெய் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தது. பிறகு அதே காரணத்துக்காக எண்ணெயை நிறுத்தியது. பிறகு அதே காரணத்துக்காகப் பள்ளிக்கூடத்தில் டொறத்தியைக் கடைசி வாங்கில் உட்கார வைத்தது. கலாச்சாரப் புரட்சி கிராமத்துக்கு வந்து சேர்ந்தபோது, வெளிநாட்டில் யாரையாவது தெரிந்திருப்பதே ஒரு வியாதி போல ஆகியிருந்தது. சீன டொக்ரருக்கோ இருநூற்றுப் பதினான்கு பேரைத் தெரிந்திருந்தது, அத்தனை பேரின் வாயும் பெட்டியில் இருந்தது. விசாரணைக் குழு அந்தத் தாடைகளைப் பள்ளிக்கூட மேசைகளில் வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றாகக் காட்டி, இது யார், இது யார் என்று கேட்டது. தொழில்காரனுக்கு இருக்கும் பெருமையில் அவர் ஒன்று விடாமல் சரியாகச் சொன்னார். அது அவருக்கு உதவவில்லை.

வாக்குமூலம் எழுது என்றார்கள். எழுதினார். உண்மையாய் எழுது என்றார்கள். அதையே திரும்ப எழுதினார். சாப்பாட்டைப் பாதியாக்கினார்கள். மன்னாரில் பிறந்த மனிதருக்குச் சீன எழுத்து அவ்வளவு ஓடாது என்பதால் அவர் தமிழில் சொல்லச் சொல்ல, சீனத்தில் எழுதியது டொறத்திதான். வகுப்பிலேயே அழகான கையெழுத்து அவளுடையது. ஐந்து வாக்குமூலங்களில் வெளிநாட்டில் உறவு யாரும் இல்லை என்று எழுதினாள். ஆறாவதில், அப்பா சுவரில் சாய்ந்துகொண்டு, “எழுது பிள்ளை, எனக்கொரு தம்பி இருக்கிறான்” என்றார். “பேர்?” என்று கேட்டாள். அவர் முகட்டைப் பார்த்தார், மன்னார்ப் பெரியகோயிலின் பாதுகாவலரான புனிதரின் பெயர், செபஸ்தியான், வந்தது. வயது முப்பது, மன்னார்க் கரையில் இருக்கிறான், போகிற கப்பல்களை எண்ணி ரேடியோவில் எதிரிக்கு அறிவிக்கிறான். ஆள் எப்படி இருப்பான் என்று குழு கட்டாயம் கேட்கும் என்பதால் அடையாளமும் சொல்லத் தொடங்கினார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். ஆனால் பல் தெரியும். மேல்வரிசை இடப்பக்கம் மூன்றாவது தங்கம், கீழ்க்கடைவாய் இரண்டும் கொஞ்சம் உள்ளே சாய்வு, முன்பல் நாலும் முத்து என்று முப்பத்திரண்டையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். முகம், உயரம், கை, கால் எல்லாவற்றுக்கும் சேர்த்து “சாதாரணம்” என்று ஒரு சொல்லோடு முடித்துவிட்டார். குழு வாசித்துத் திருப்திப்பட்டு, சிவப்பு முத்திரை குத்தியது.

அடுத்த நாள் காலையில் கதவு தட்டப்பட்டது. வெளியே மூன்றடிக்குப் பனி. சாரத்தோடு ஒருவர் நடுங்கிக்கொண்டு நின்றார், சிரித்தார், தங்கப்பல் தெரிந்தது. “அண்ணன் நிக்கிறாரோ?” என்று தமிழில் கேட்டார். அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். உள்ளே போய்க் கொதித்துக்கொண்டிருந்த கஞ்சியில் இன்னும் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினாள்.

விசாரணைக் குழுவுக்குத்தான் பெரிய சங்கடமாகப் போய்விட்டது. அதுவரை எந்த வாக்குமூலமும் நடந்து வந்ததில்லை. ஒற்றன் என்று பிடிக்கலாம். ஆனால் முத்திரை குத்திய கடதாசியில் அவர் மன்னாரில் இருக்கிறார். மன்னாரில் இருக்கிறவரை ஹூபெயில் பிடித்தால் கடதாசி பிழை என்று ஆகிவிடும், கடதாசி பிழையென்றால் முத்திரை பிழை. ஆகவே செபஸ்தியானைக் காணவில்லை என்று ஒரு மனதாகத் தீர்மானித்தார்கள். அதுவும் கஷ்டமில்லை, ஏனென்றால் அவருடைய முகம் அவ்வளவு சாதாரணம். பார்த்துவிட்டுத் திரும்பினால் மறந்துபோகும். அண்ணனின் கழுத்தில் பலகையைத் தொங்கவிட்டு மேடையேற்றித் தம்பியின் குற்றங்களை வாசித்த கூட்டங்களில், தம்பி முன்வரிசையில் இருந்து மரியாதைக்குக் கைதட்டினார். அப்பாவை ஒன்பது வருடம் தாரா வாத்து மேய்க்க அனுப்பினார்கள். சேற்றிலும் பனியிலும் கிடந்து அவருடைய விரல்கள் வளைந்து, பிறகு ஒரு பல்லைக்கூடப் பிடிக்க முடியாமல் போனது. தாடைகளை ரோட்டுக்குப் போட உடைத்தார்கள். அம்மா 1971 குளிரில் இருமிக்கொண்டே போய்ச் சேர்ந்தாள். ஒற்றனின் மகள் முறைக்காரி என்பதால் டொறத்தியைக் கலியாணம் பேச ஒருத்தரும் வரவில்லை.

1978இல் ஹொங்கொங்குக்குப் போக அனுமதி கிடைத்தது. எல்லைப் பாலத்தில் அதிகாரி இரண்டு பேர் என்று எண்ணினார், மூன்று பேர் நடந்து போனார்கள். பத்து வருடம் கழித்து மெல்போர்ன் விமானநிலையத்திலும் அதே கதைதான்: அதிகாரி செபஸ்தியானைப் பார்த்தார், முத்திரையை எடுக்கக் குனிந்தார், நிமிர்ந்தபோது மறந்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அதற்கிடையில் அப்பா ஹொங்கொங்கில் இறந்துபோயிருந்தார். கடைசியாகச் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: “என்ர பேரில ஒற்றன் எண்டு கிடக்குது. அதைத் துடைச்சுப் போட்டுக் கல்லில எழுது. அதுக்கு முதல் எழுதாதை.” டொறத்தி சாம்பலைக் கொண்டுவந்து ஸ்பிறிங்வேல் சேமக்காலையில் வைத்து, மேலே ஒரு எழுத்தும் இல்லாத கல்லை நட்டாள். டண்டினோங்கில் தையல் பக்டரியில் வேலை செய்துகொண்டு, ஒவ்வொரு வருடமும் தை மாதம் அந்த ஹூபெய்க் கிராமத்துக் கந்தோருக்கு ஒரு மனு எழுதினாள். அப்பா ஒற்றன் இல்லை, அந்த வாக்குமூலம் பொய், எழுதினது நான், திருத்தித் தாருங்கள். பதில் வந்ததில்லை. மனுவைத் தபாலில் போட ஒவ்வொரு வருடமும் கூடவே நடந்து போனது செபஸ்தியான் சித்தப்பா. அந்த மனுவில் பொய் என்று சொல்லப்படுகிறவர் தான்தான் என்பது இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை.

மன்னார் ஆட்களிடம் டொறத்தி அகப்பட்டதும் ஒரு பல்லால்தான். தொண்ணூற்றிமூன்றில், இலங்கைச் சாமான் கடையில் ஒரு சீனப் பெண் “கட்டாக்கருவாடு உப்புக் குறைஞ்சது இருக்கோ தம்பி” என்று கேட்டதைக் கேட்டு, பின்னால் நின்ற பேசாலை அலோசியஸ் கையில் இருந்த மாப் பையைக் கீழே விட்டார். வீடு வரைக்கும் வந்தார். ரீவிக்கு மேலே, ரோட்டுக்குப் போகாமல் தப்பிய ஒரேயொரு பிளாஸ்டர்த் தாடை இருந்தது. முன்பல் இரண்டுக்கும் நடுவில் ஒரு விரல் போகிற இடைவெளி. அலோசியஸ் அதைக் கையில் எடுத்து, “இது எங்கட அப்பா” என்று சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்து அழுதார். அன்றையிலிருந்து டொறத்தி அக்கா இல்லாமல் நோபல் பார்க்கில் ஒரு ஞானஸ்நானமோ செத்தவீடோ நடப்பதில்லை. செபஸ்தியான் சித்தப்பாவையும் கூப்பிடுவார்கள், என்ன, ஒவ்வொரு முறையும் புதிதாக அறிமுகமாக வேண்டியிருக்கும். மற்றபடி அவரால் ஒரு கரைச்சலும் இல்லை. மருந்துக்கோ அடையாளத்துக்கோ காட் ஒன்றும் கிடையாது, தேவைப்பட்டதும் கிடையாது. அண்ணன் அவருக்கு வருத்தம் எதையும் எழுதாததால் அவர் ஒருநாளும் காய்ச்சலில் படுத்ததில்லை.

போன வருடம் மாசி மாதம் பதில் வந்தது. முப்பத்தைந்து வருட மனுக்களுக்கும் சேர்த்து ஒரே ஒரு பக்கம். விசாரணை மறுபரிசீலனை செய்யப்பட்டது. 1968ஆம் ஆண்டின் ஆறாவது வாக்குமூலம் செல்லாது. மேற்படி லியூ செபஸ்தியான் என்னும் நபர் எக்காலத்திலும் இருந்ததில்லை. ஆகவே தங்கள் தகப்பனார் குற்றமற்றவர். ஏற்றுக்கொள்வதாகக் கீழே கையெழுத்திட்டு அறுபது நாளுக்குள் திருப்பி அனுப்பினால் அமுலுக்கு வரும், தவறினால் கோப்பு நிரந்தரமாக மூடப்படும். டொறத்தி குசினியில் நின்று அதைச் சத்தமாக வாசித்தாள். “குற்றமற்றவர்” என்ற இடத்தில் நிறுத்தி, கண்ணைத் துடைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது, சித்தப்பாவின் சட்டைக்குள்ளால் பின்னால் இருந்த குளிர்பெட்டியின் கைபிடி தெரிந்தது.

அடுத்த நாள் ஷொப்பிங் சென்ரர் கண்ணாடிக் கதவு அவருக்குத் திறக்கவில்லை. அவர் முன்னுக்கும் பின்னுக்கும் நடந்து பார்த்தார், கையை ஆட்டினார். “பழுதாக்கும் பிள்ளை” என்றார். டொறத்தி ஒரு அடி வைத்தாள், கதவு திறந்தது. மூன்றாம் கிழமை பக்கத்து வீட்டு நாய் அவரைப் பார்த்துக் குரைப்பதை விட்டது. ஐந்தாம் கிழமை அவர் சோபாவில் இருந்தால் துணியில் இருக்கும் பூக்களை எண்ணலாம். பற்கள் மட்டும் மங்கவில்லை. அறையில் முதலில் தெரிவதே அதுதான். டொறத்தி கடதாசியைச் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள். எடுத்தாள். திரும்ப வைத்தாள். முப்பத்தைந்து வருடம் கேட்டது கையில் இருக்கிறது, கையெழுத்துப் போட்டால் அப்பாவுக்குக் கல்லில் பெயர் வரும், சித்தப்பா போவார். போடாவிட்டால் இவர் இருப்பார், அப்பா என்றைக்கும் வெறுங்கல். மகளாக இருப்பதா, பெறாமகளாக இருப்பதா என்று அவள் ஒரு பானை சோற்றையே அடிப்பிடிக்க விட்டாள்.

“கையெழுத்தைப் போடு பிள்ளை,” என்றார் செபஸ்தியான், கருகின சோற்றை ருசித்துச் சாப்பிட்டுக்கொண்டு. “அண்ணன் ஒன்பது வருசம் தாரா மேய்ச்சவர். நான் என்ன, அரைப் பக்கம்.”

“வாயை மூடிக்கொண்டு சாப்பிடுங்கோ.”

“மூடினா நான் எங்க இருக்கிறனெண்டு உனக்குத் தெரியாது. ஒண்டு மட்டும். பக்கத்து வீட்டு வரதராஜனுக்குச் சொல்லு, கறிவேப்பிலைக்கு வேரில ஊத்தட்டும். அந்தாள் இலையில ஊத்துது.”

டொறத்தி அன்றைக்கே அலோசியஸிடம் போனாள். வேறு யாரிடம் போவது. நோபல் பார்க்கிலும் அக்கம்பக்கத்திலும் அகதி விண்ணப்பத்துக்கு ஸ்டேட்மென்ற் எழுதிக்கொடுத்ததில் அலோசியஸை மிஞ்ச ஆள் இல்லை. தன் கதையைச் சொல்லத் தெரியாமல் நின்ற எத்தனையோ பேருக்குச் சொற்களை அடுக்கிக் கொடுத்தவர். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, டொறத்தி தமிழில் சொல்லச் சொல்லக் கேட்டு, தொடையில் தட்டினார்.

“இவ்வளவுதானே அக்கா? இப்பிடியொராள் இல்லையெண்டு ஒரு கடதாசி. எனக்கும் முதல் விண்ணப்பத்தில அதைத்தான் எழுதினவங்கள். பேசாலையில அலோசியஸ் எண்டு ஒராள் இருந்ததுக்கு ஆதாரம் இல்லையாம்.”

“பிறகு?”

“பிறகென்ன, பதினாறு பேர் சத்தியக் கடதாசி குடுத்தவை. இருக்கிறன்தானே, தேத்தண்ணி குடிக்கிறன்தானே. அவங்கட கடதாசியில வந்த மனிசனை அவங்கள் எடுக்கட்டும். நாங்கள் எங்கட கடதாசியில வைச்சிருப்பம்.”

ஒரு நிபந்தனை மட்டும் போட்டார், அது அவருடைய தொழில் அனுபவம். எல்லாரும் ஒரே மாதிரி எழுதினால் வாசிக்கிறவனுக்குச் சந்தேகம் வரும். ஆளுக்கு ஒரு மாதிரி, அவரவருக்குத் தெரிந்தபடி எழுத வேண்டும், மற்றவனுடையதைப் பார்க்கக்கூடாது. அந்த நிபந்தனையால் வந்ததுதான் பின்னால் வந்த எல்லாம்.

ஐம்பத்தெட்டாம் நாள், ஞாயிறு பூசை முடிந்து, கோயில் ஹோலில் பத்தொன்பது பேர் குனிந்து எழுதினார்கள். பரீட்சை மண்டபம் போல, கையால் மறைத்துக்கொண்டு. எழுதத் தொடங்கியபின் மனிதருக்கு ஒரு வேகம் வந்துவிடுகிறது. அலோசியஸ், செபஸ்தியான்தான் தனக்கு அறுபத்திரண்டில் கடலில் நீந்தப் பழக்கினார் என்று எழுதினார். ஒருவர் ஆறடி உயரம் என்றார். ஒருவர் இடதுகால் நொண்டி என்றார், இன்னொருவர் வலதுகால். ஒரு அன்ரி, பெரியகோயில் பாடகர் குழுவில் அவர் குரலைக் கேட்டுத்தான் தனக்குப் பக்தியே வந்தது என்று ஒன்றரைப் பக்கம் எழுதினார். பேசாலையில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்த அரியரத்தினம் மாஸ்டர் கோடு போட்டு, நுணுக்கமான எழுத்தில், ஒரு அடித்தல் இல்லாமல் எழுதி முதலாவதாகக் கொடுத்தார். சாட்சிக் கையெழுத்துப் போட அலோசியஸின் மகள் ஜெனோஜா வந்திருந்தாள். பாமசிஸ்ற் என்பதால் சத்தியக் கடதாசிக்குச் சாட்சி வைக்கும் உரிமையும் முத்திரையும் அவளிடம்தான் இருந்தன. அவள் இரண்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு முத்திரையைத் திரும்பக் கைப்பைக்குள் போட்டாள்.

“அப்பா, திஸ் இஸ் கிரேஸி. பொய்யா டிக்ளயர் பண்ணினா ஜெயில். என்ர ரெஜிஸ்ற்ரேஷன் போயிடும்.”

“பொய்யெண்டு ஆர் சொன்னது? ஆள் அங்க கதிரையில இருந்து பற்றிஸ் சாப்பிடுது!”

“ஓம், உள்ளுக்குப் போறதும் தெரியுது. தட்ஸ் த புரொப்ளம்.”

“நீ சாட்சி வைக்கிறது கையெழுத்துக்கு, பிள்ளை, கதைக்கு இல்லை!” என்று அலோசியஸ் மேசையில் ஓங்கி அடித்தார்.

ஹோலின் மறுமுனையில் டொறத்தி மடியில் கந்தோர்க் கடதாசியோடு இருந்தாள். இங்கே முத்திரை விழுந்த பிறகுதான் அதில் கையெழுத்து என்பது ஏற்பாடு. பக்கத்தில் இருந்த செபஸ்தியான் தன் கண்ணாடிக் கையால் பேனையை எடுத்து அவளுடைய கையில் வைத்து, “அண்ணனைக் காக்க வைக்காதை” என்றார். அவளுக்கு முத்திரை விழுகிற சத்தம் கேட்டது. அது அலோசியஸ் மேசையில் அடித்த சத்தம் என்று அவளுக்கு எப்படித் தெரியும். கையெழுத்துப் போட்டாள். பாதி பற்றிஸ் தட்டில் விழுந்தது. கதிரை வெறுமையாக இருந்தது.

 டொறத்தி கதிரையின் கைபிடியைத் தடவினாள், சூடு இருந்தது.   அந்த நேரம் பார்த்து, கார் நிறுத்த இடம் கிடைக்காமல் நாலு முறை சுற்றிவிட்டு வரதராஜன் ஓடி வந்தார். சிட்னி பிளாக்டவுனிலிருந்து மாறி வந்த மதுரைக்காரர், கம்ப்யூட்டர் எஞ்சினியர், மன்னாரை வரைபடத்தில்கூடப் பார்த்ததில்லை.

“சாரி ஆன்ட்டி, லேட்டாயிடுச்சு. நான் மன்னார்ல பார்த்தேன்னெல்லாம் எழுதலைங்க. எட்டு வருஷமா எங்க வீட்டுக் கறிவேப்பிலைக்குத் தண்ணி ஊத்துறாரு, நான் ஊத்துனா திட்டுறாருன்னுதான் எழுதியிருக்கேன். போதுமா?”

ஜெனோஜா அந்தக் கடதாசியை வாங்கினாள். இரண்டு முறை வாசித்தாள். அதில் ஒரு பொய்யும் இல்லை. முத்திரையை எடுத்து ஊதி, குத்தினாள். கதிரைக்கு மேலே ஒரு வலதுகை வந்தது, மணிக்கட்டு வரைக்கும், ஈரமாக. நுனிவிரலிலிருந்து தண்ணீர் ஹோலின் தரையில் சொட்டியது. டொறத்தி அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“கையை மட்டும் வைச்சு என்ன செய்யிறது?” என்று பின்னாலிருந்து ஒரு அன்ரி கேட்டார். “மிச்சத்தையும் குத்து பிள்ளை.”

“ஓ மை கோட்,” என்றாள் ஜெனோஜா, அதற்குப் பிறகு நிறுத்தவில்லை. ஒவ்வொருவராகக் கூப்பிட்டுத் தன் முன்னால் கையெழுத்துப் போடவைத்துக் குத்தினாள். ஒரு குத்துக்கு உப்புக்காற்று வாடையோடு தோள்கள் வந்தன. ஒரு குத்துக்கு இடதுகால் வந்தது, இன்னொன்றுக்கு வலதுகால். ஆறடி என்று எழுதிய கடதாசிக்குக் குத்தியபோது முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே நீண்டது. முகம் வந்தபோது எல்லாரும் மூச்சை இழுத்தார்கள், ஏனென்றால் முதல்முறையாக அது மறந்துபோகவில்லை. பத்தொன்பது பேரின் ஞாபகம் சேர்ந்த முகம், யாரோ சொந்தக்காரனைப் போல. அவர் எல்லாரையும் பார்த்துச் சிரித்தார். வாய்க்குள் ஒரு பல்லும் இல்லை.

“பல்லைப் பற்றி ஒருத்தரும் எழுதேல்லையோ?” என்று டொறத்தி எழும்பினாள்.

“சீன டொக்ரரின்ர வீட்டாளின்ர பல்லை நாங்கள் எப்பிடி அக்கா எழுதிறது,” என்றார் அலோசியஸ். “அது உங்கட வேலை.”

டொறத்தி இருந்து எழுதினாள். ஆறாவது வாக்குமூலம் அவளுக்கு மனப்பாடம். இம்முறை யாரும் சாப்பாட்டைப் பாதியாக்கவில்லை, பக்கத்தில் தேத்தண்ணியும் இரண்டு ரோல்ஸும் வைத்திருந்தார்கள். இம்முறை தமிழில் எழுதினாள். மேல்வரிசை இடப்பக்கம் மூன்றாவது தங்கம். கீழ்க்கடைவாய் இரண்டும் கொஞ்சம் உள்ளே சாய்வு. முன்பல் நாலும் முத்து. முப்பத்திரண்டும் முடிந்தபின், அப்பா சொல்லாமல் விட்ட ஒரு வரியைத் தானாகச் சேர்த்தாள்: இவர் ஒற்றர் இல்லை, என்னுடைய சித்தப்பா. ஜெனோஜா குத்தினாள். செபஸ்தியான் தட்டில் கிடந்த மிச்சப் பற்றிஸை எடுத்துக் கடித்தார். மொறுமொறு என்று கேட்டது.

அந்த ஊர்க் கந்தோர் வைகாசியில் பதில் போட்டது, அப்பா குற்றமற்றவர் என்று, முத்திரையோடு. ஆனியில் கல்லில் பெயர் வெட்டினார்கள். லியூ, பல் வைத்தியர், மன்னார். தம்பி தன் கையால் கல்லைக் கழுவினார். கடதாசி வழக்கப்படி சில கரைச்சல்கள் இருந்தன. ஆறடிக்கு நீண்டதால் காற்சட்டையெல்லாம் கட்டையாகிவிட்டது. ஒற்றை நாளில் இடதுகாலை நொண்டினார், இரட்டை நாளில் வலதுகாலை. பூசையில் மற்றவர்களின் பாட்டுக் கேட்காத அளவுக்குப் பாடினார், சுவாமியார் இரண்டு முறை மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். ஷொப்பிங் சென்ரர் கதவு அவர் கார் தரிப்பிடத்தில் இறங்கும்போதே திறந்துகொண்டது. கடைக்காரர்கள் அவரைத் தூரத்திலேயே அடையாளம் கண்டு கையசைத்தார்கள். ஐம்பத்தாறு வருடம் யாரும் ஞாபகம் வைக்காத மனிதருக்கு அதில் ஒரு சின்னத் தலைக்கனமும் வந்திருந்தது.

ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் கதவு தட்டப்பட்டது. வெளியே, நீலச் சேலை கட்டி, கையில் சூட்கேஸோடு எண்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் நின்றார். டொறத்தியை ஏற இறங்கப் பார்த்து, “இவர் நிக்கிறாரோ?” என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். போகிற போக்கில் ரீவிக்கு மேலிருந்த தாடையைத் துடைத்து நேராக வைத்தார். சோபாவில் இருந்த செபஸ்தியான் எழும்பி நின்றார். அவருக்கு ஆளைத் தெரியவில்லை, ஆனால் கால் தானாக எழும்பியது. டொறத்தி குசினிக்குள் போய் அரியரத்தினம் மாஸ்டருக்குப் போன் எடுத்தாள்.

“மாஸ்டர், சத்தியக் கடதாசியில நீங்கள் என்ன எழுதினனீங்கள்?”

“வழக்கமா எழுதிறதுதான் பிள்ளை. திரு, திருமதி செபஸ்தியான் தம்பதியினரை நான் நன்கு அறிவேன் எண்டு தொடங்கினனான். ஒராளைத் தனிய எழுதினா மரியாதை இல்லைத்தானே. ஏன், ஏதும் பிழையோ?”

முன்னறையில், “இதென்ன காற்சட்டை, கணுக்காலுக்கு மேல நிக்குது? கழட்டுங்கோ, நான் இறக்கித் தைக்கிறன்” என்று குரல் கேட்டது. “சரியப்பா” என்று செபஸ்தியான் சொன்னதும் கேட்டது.

“பிழையொண்டும் இல்லை மாஸ்டர்,” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, டொறத்தி இன்னும் ஒரு சுண்டு அரிசியைக் கழுவி உலையில் போட்டாள்.